பவளத்தின் சிலேட்டு

வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை; தானாக வந்துவிடும். கேட்டால் போகிற காரியம் பாழ். கேட்காமல் இருக்கவே முடியாதவர்கள், "தூரமோ?" என்று மெல்ல இழுப்பார்கள். போகிறவரும், "இல்லை, கிட்டத்தான். போட்டு வாறன்" என்பார். அவர் கொழும்புக்குப் போகிறாரோ கொடிகாமத்துக்குப் போகிறாரோ, அது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

இந்த ஒழுங்கைக் கொஞ்சமும் மதிக்காத ஒரே தமிழ்ப் பெண் வென்ட்வேர்த்வில்லில் இருந்தாள். பெயர் பவளம். 1979-இல் அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை குடும்பமும் அவளிடம் மாட்டியிருந்தது. யார் எங்கே புறப்பட்டாலும் வாசலில் வந்து மறிப்பாள். எங்கே, எந்த ரோட்டால், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்று மூன்று கேள்வி. கேட்டது போதாதென்று வீட்டுக்குப் போய்க் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிற சிலேட்டில் எழுதியும் வைப்பாள். பொலிஸ்காரன்கூட இவ்வளவு கேட்க மாட்டான் என்று சனம் முணுமுணுத்தது.

அந்த ஆவணியில் ஒரு சனிக்கிழமை விடிய, பக்கத்துத் தெரு இரஞ்சிதமும் புருஷன் தேவராஜாவும் காரில் மெல்பேர்ணுக்குப் புறப்பட்டார்கள். போகிற காரியம் லேசானதல்ல. இரஞ்சிதத்தின் தம்பிக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். இரஞ்சிதம் நாள் பார்த்து, ராகுகாலம் தள்ளி, முன் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, எல்லாம் கச்சிதமாகச் செய்திருந்தாள். கார் அசைந்து தேசிக்காயும் நசிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஹவுஸ்கோட்டோடு ஓடி வந்த பவளம் கார் ஜன்னலுக்குள் தலையை விட்டாள்.

"தம்பி, எந்த ரோட்டாலை போறியள்? எத்தினை மணிக்குப் போய்ச் சேருவியள்?"

இரஞ்சிதத்தின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஐயோ அக்கா! நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்கை கேக்கிற கேள்வியே இது?"

"ஓம் பிள்ளை, வெளிக்கிடேக்கைதான் கேக்க வேணும். போன பிறகு ஆரைக் கேக்கிறது? நீர் சொல்லும் தம்பி."

தேவராஜா வாயில்லாப் பூச்சி. "ஹியூம் ஹைவேயாலைதான் அக்கா. பின்னேரம் ஆறு மணிக்கு அங்கை நிப்பம்" என்று சொல்லிவிட்டு மனைவியைக் கடைக்கண்ணால் பார்த்தார். இரஞ்சிதம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய், கதிரையில் ஐந்து நிமிடம் இருந்து, தண்ணீர் குடித்து, புதிதாக இன்னொரு முறை புறப்பட்டாள். பவளத்தின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

பவளத்துக்குக் கோபம் வரவில்லை. நாலு வருடத்துக்கு முன் அவளும் இப்படித்தான் இருந்தாள். சொல்லப்போனால் இரஞ்சிதத்தைவிட ஒரு படி மேல்.

பவளம் சுன்னாகத்துப் பிள்ளை. ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவள். யாருக்கு எங்கிருந்து தந்தி வருகிறது, யாருடைய மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் ஒரு நாளாவது ஒருவரையும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டறியாதவள். விக்னராஜாவைக் கலியாணம் கட்டினாள். அவர் ரோட்டு ஓவசியர். பேச்சுக் குறைவு, கை சுத்தம், வெட்கம் கூட. கலியாணமாகி எட்டு வருடம் பிள்ளை இல்லை. இரண்டு தடவை வயிற்றில் தங்கித் தங்காமல் போனது. ஊர்ச் சனத்தின் வாய்க்கு யார் பதில் சொல்வது? 1974-இல் அவுஸ்திரேலியாவுக்கு வரக் கதவு திறந்ததும் இரண்டு பேரும் பெட்டியைக் கட்டினார்கள்.

சிட்னியில் விக்னராஜாவுக்கு ரோட்டு வேலைதான் கிடைத்தது. எட்டு மாதம் போக, அவரைப் புரோக்கன் ஹில்லுக்கு மாற்றினார்கள். சிட்னியிலிருந்து மேற்கே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் போனால், செம்மண் பாலைவனத்தின் நடுவில் சுரங்கத்தை நம்பி ஒரு நகரம் இருக்கிறது. அதுதான் புரோக்கன் ஹில். கடிகாரம்கூடச் சிட்னிக்கு அரை மணி பிந்தித்தான் ஓடும். அங்கிருந்து இன்னும் மேற்கே முப்பது மைல் போனால் மாநில எல்லை. எல்லையில் ஒரு குட்டி ஊர்: ஒரு ஹோட்டல், ஒரு பெற்றோல் பம்ப், பத்துப் பதினைந்து வீடு. பவளமும் விக்னராஜாவும் அதை "எல்லை" என்றே சொல்லுவார்கள். நகரத்துக்கும் எல்லைக்கும் நடுவில் கிடக்கிற அந்த முப்பது மைல் ரோட்டுத்தான் விக்னராஜாவின் வேலைத்தலம். வருடத்தில் ஒரு தரம் மழை வந்து வாய்க்கால்கள் ரோட்டுக்குக் குறுக்கே பாயும். அந்த இடங்களில் தண்ணீர் கீழால் ஓடக் கலுங்கு கட்டி ரோட்டை உயர்த்த வேண்டும்.

"முப்பது மைலும் ஒரு ரோட்டே? யாழ்ப்பாணத்திலை இருந்து ஆனையிறவுக்குப் போற தூரம்" என்று முதல் நாள் பவளம் சிரித்தாள். பிறகு ஒரு நாள் அவரோடு போய்ப் பார்த்தாள். ஆனையிறவுக்குப் போகிற வழியில் எத்தனை சந்தி, எத்தனை தேத்தண்ணிக் கடை, எத்தனை பிள்ளையார் கோயில்! இங்கே ஒரு மண்ணும் இல்லை. முழங்கால் உயரச் சாம்பல் நிறச் செடி, சிவப்பு மண், எப்போதாவது ஒரு லொறி. தார் போட்ட கோடு ஒன்று நேராகப் போய் வானத்தில் முட்டியது. அவள் திரும்பி வரும்வரை சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வீட்டில் டொறீன் என்றொரு மனுஷி. அறுபது வயது இருக்கும், சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள், தனியாக இருந்தாள். இவர்கள் வந்து இறங்கிய அன்றைக்கே ஒரு கேக்கும் ஒரு பழைய சிலேட்டும் கொண்டு வந்து கொடுத்தாள்.

"இதைக் குசினியில் மாட்டு. இந்த ஊரில் வீட்டை விட்டுப் போகிறவர் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று எழுதிவிட்டுத்தான் போவார். ரோட்டு சின்னதுதான். ஆனால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பது சின்னதல்ல" என்றாள்.

பவளம் சிரித்துத் தலையாட்டி வாங்கினாள். நல்ல மனுஷிதான், ஆனால் சொல்லுகிற பேச்சைப் பார், போகும்போதே இடத்தை எழுதி வைக்கிறதாம் என்று மனசுக்குள் திட்டினாள். கொடுத்ததைச் சும்மா வைக்கவும் மனம் வரவில்லை. சிலேட்டைச் சுவரில் மாட்டி, நல்ல நாளில் குளித்துவிட்டு வந்து, மேலே நடுவில் ஒரு பிள்ளையார் சுழி போட்டாள். "உ". அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

1975 ஒக்டோபர் கடைசி. பவளத்துக்கு மூன்று மாதம். இந்தத் தடவை தங்கியிருந்தது. டொக்டர் ஓடியாடித் திரியாதே, குலுங்குகிற வண்டியில் ஏறாதே என்று சொல்லியிருந்தார். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. வெங்காய மணம் எட்டத்தில் வந்தாலே குமட்டியது. அதனால் வெங்காயம் போட்டு வைக்கிற பனையோலைக் கடகத்தை விக்னராஜா பின்பக்கத்து உடுப்புத் தோய்க்கிற அறைக்குத் தள்ளியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவர் மெல்ல வந்து பக்கத்தில் நின்றார்.

"இஞ்சரும், வாய்க்கு என்ன வேணும் போலை இருக்கு?"

"புளிப்பா ஏதும். போத்திலிலை அடைச்ச புளிப்பு வேண்டாம். மரத்திலை புடுங்கின புளிப்பு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்தப் பாலைவனத்தில் மரத்துக்கு எங்கே போவது?

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார்.

ஞாயிறு காலை ஏழு மணி. விக்னராஜா கார்ச் சாவியோடு வாசலுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. பவளத்துக்கு நாக்கு நுனிவரை கேள்வி வந்தது. விழுங்கினாள்.

"தூரமோ?"

"சீச்சீ, கிட்டத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிப்பன். போட்டு வாறன்."

சோறும் பருப்பும் சமைத்து மூடி வைத்தாள். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது, இரண்டும் ஆனது. வெளியே வெயில் தகித்தது. மூன்று மணிக்கு அவள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். நாலு மணிக்குப் பொலிஸ் சார்ஜன்ற் குசினியில் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து, மெல்லிய குரல்.

"எங்கே போனார், அம்மா?"

"தெரியாது."

"என்ன சொன்னார்?"

"கிட்டத்தான் என்று சொன்னார்."

"நீங்கள் கேட்கவில்லையா?"

"கேட்கவில்லை."

சார்ஜன்ற் டொறீனைப் பார்த்தார். "இரண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?"

பவளத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. புருஷனில் அன்பு இருப்பதால்தான் கேட்கவில்லை, அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் கேட்கவில்லை என்பதை எந்த இங்கிலிஷில் சொல்லுவது? சண்டை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். சார்ஜன்றின் கண் சுவரில் தொங்கிய சிலேட்டுக்குப் போனது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எழுதி வைத்திருக்கிறாரே! இது என்ன இடம்? எத்தனை மைல்?"

"அது... அது இடமில்லை. பிள்ளையார். எங்கள் கடவுள்."

சார்ஜன்ற் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் பரவாயில்லை. குறிப்புப் புத்தகத்தில் என்னவோ எழுதி மூடினார். பொலிஸ் வண்டி எல்லைவரை இரண்டு தரம் போய் வந்தது. ரோட்டில் கார் இல்லை. பம்ப்காரனும் அவரைப் பார்க்கவில்லை, ஹோட்டல்காரியும் பார்க்கவில்லை. அவரோடு ரோட்டு வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் அடிலெய்டுக்குப் போயிருந்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கிட்டத்தான் என்றால் எந்தப் பக்கம் கிட்ட? வடக்கே பழைய வெள்ளிச் சுரங்கத்துப் பாதையா, தெற்கே ஆட்டுப் பண்ணைகளா? நாலு திசையும் ஒரே மாதிரிக் கிடந்தது.

பின்னேரம் டொறீன் அவளைத் தன் குசினிக்குக் கூட்டிப் போய்த் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அங்கேயும் ஒரு சிலேட்டு இருந்தது. பவளம் அதை முன்பும் பார்த்திருக்கிறாள். மேலே கண்ணாடி போட்டுப் படம் மாதிரிச் சட்டம் அடித்திருப்பதை ஏனென்று கேட்டதில்லை. இன்றைக்குத்தான் கிட்டப் போய் வாசித்தாள். சோக்குக் கட்டியால் சரிந்த எழுத்தில் ஒரு வரி: பின்னேர வேலை, இரவு பன்னிரண்டுக்கு வீடு.

"என் புருஷன் ஜாக் எழுதியது. அறுபத்தோராம் வருடம்" என்றாள் டொறீன். "சுரங்கத்தின் மேற்கூரை இறங்கிவிட்டது. பதினொரு நாள் கழித்துத்தான் மேலே கொண்டு வந்தார்கள். வந்துவிட்டார் என்றால் துடைக்க வேண்டிய வரி இது. துடைக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை."

பவளம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனால் ஒன்று, பிள்ளை. அந்தப் பதினொரு நாளும் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கதிரையைச் சுரங்கம் தெரிகிற அந்த ஜன்னலுக்கு நேரே போட்டுக்கொண்டு இருந்தேன். உனக்கு அதுகூட இல்லையே."

அதைக் கேட்டதும்தான் பவளம் வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து கல்லாக நின்றவள், அந்த மனுஷியின் மடியில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். கேட்டிருக்கலாமே, ஒரு சொல்லுத்தானே, கேட்டிருக்கலாமே என்று தமிழில் அரற்றினாள். டொறீனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியது.

திங்கட்கிழமை விடிந்தது. இரவு துணைக்கு வந்த டொறீன் பவளத்தின் வீட்டுச் சோபாவில் இருந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். முகம் கழுவலாம் என்று பவளம் பின்பக்கத்து அறைக்குப் போனாள். உடுப்புத் தோய்க்கிற தொட்டி நிறைய வெங்காயம்! குவித்துக் கொட்டியிருந்தது. முதலில் குமட்டியது. பிறகு, இதை யார் இங்கே கொட்டினது என்று பார்த்தாள். கடகத்தைக் காணோம். மூலையில் இல்லை, அலுமாரிக்கு மேலே இல்லை, எங்கும் இல்லை.

அவளுக்குத் தலையில் சடாரென்று என்னவோ திறந்தது. மனுஷன் வெங்காயத்தைக் கொட்டிவிட்டு வெறும் கடகத்தோடு போயிருக்கிறார். வெறும் கடகத்தைக் கொண்டு போகிறவர் எதையோ நிரப்பிக் கொண்டுவரத்தான் போகிறார். மரத்தில் புடுங்கின புளிப்பு!

"டொறீன்! டொறீன்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். "இங்கே புளிக்கிற பழம் ஏதாவது மரத்தில் காய்க்குமா? கடகம் நிறையப் பிடுங்குகிற மாதிரி?"

டொறீன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள். இரண்டு நொடி யோசித்தாள். பிறகு தன் தொடையில் ஓங்கி அடித்தாள்.

"குவாண்டோங்! சிவப்புப் பழம், நெல்லிக்காய் அளவு, பல்லுக் கூசும். இந்த வருடம் பிந்திக் காய்த்திருக்கிறது. எல்லைக்கு ஏழு மைல் இந்தப் பக்கம், ரோட்டுக்குத் தெற்கே, கைவிட்ட பழைய ரயில் தரிப்புக்குப் பின்னால் ஒரு கூட்டம் மரம் நிற்கிறது. ஜாக்கும் நானும் வருடா வருடம் போவோம். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது, மேடு மறைக்கும்."

பொலிசுக்கு ரெலிபோன் எடுத்தார்கள். சார்ஜன்ற் வேறு பக்கம் தேடப் போயிருந்தார்; சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். டொறீன் தன் பழைய பிக்கப்பின் சாவியை எடுத்தாள்.

"நீ இரு. டொக்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும்."

பவளம் ஏற்கெனவே தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். "இந்தப் பிள்ளைக்கு அப்பா வேண்டாமா?" என்று மட்டும் கேட்டாள். டொறீன் இரண்டு தலையணை கொண்டு வந்து இருக்கையில் போட்டாள். பிறகு திரும்பவும் உள்ளே போனாள். எதையோ மறந்துவிட்டாள் என்று பவளம் எட்டிப் பார்த்தாள். டொறீன் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளையார் சுழிக்குக் கீழே: பழைய ரயில் தரிப்பு, குவாண்டோங் மரம், பதினொரு மணிக்குத் திரும்புவோம்.

அந்த முப்பது மைல் ரோட்டு அன்றைக்கு முந்நூறு மைலாக நீண்டது. பவளம் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முருகனையும் விடவில்லை; நல்லூரான், சந்நிதியான், மாவிட்டபுரத்தான், எல்லாரையும் கூப்பிட்டாள். இருபத்து மூன்றாவது மைலில் டொறீன் இடது பக்கம் திருப்பினாள். ரோட்டோரம் கல்லுத் தரை. சில்லுத் தடம் விழாத இடம். பொலிஸ்காரர்களின் கண்ணில் எதுவும் படாததில் அதிசயம் இல்லை. மேட்டில் ஏறி இறங்கினால் காய்ந்த ஆறு ஒன்று வெறும் மணலாகக் கிடந்தது. மணலுக்கு நடுவில் அவர்களுடைய கார், அச்சுவரை புதைந்து, ஒரு பக்கம் சரிந்து நின்றது.

காரின் நிழலில் விக்னராஜா இருந்தார். கால் இரண்டையும் நீட்டி, தலையில் ஈரம் காய்ந்த சட்டையைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் கடகம் நிறையச் சிவப்பாகப் பழம்.

பவளம் மணலில் செருப்பு கழர ஓடினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு வெடித்திருந்தது. குரல் கரகரவென்று வந்தது.

"நீர் ஏன் இந்த வெய்யிலுக்கை வந்தனீர்?"

"வாயைத் திறவாதேங்கோ! முதல் இதைக் குடியுங்கோ. மெல்ல, மெல்ல." கானின் மூடியில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். பாதி அவர் நெஞ்சில் கொட்டியது. "எங்கை போறன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் வாயிலை இருக்கிற முத்து உதிர்ந்திடுமோ?"

"நீர் கேக்கேல்லையே."

"கேக்கக் கூடாதெல்லோ!"

"அதுதான் நானும் சொல்லேல்லை."

ஒருவரையொருவர் பார்த்தார்கள். விக்னராஜாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வெடித்த உதட்டோடு சிரிக்க முடியாமல் சிரித்தார். பவளம் அழுதுகொண்டே அவர் தோளில் இரண்டு அடி போட்டாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். மண் மணமும் வேர்வை மணமும் அடித்தது. அவளுக்குக் குமட்டவில்லை.

கதை இவ்வளவுதான். மரத்தைப் பற்றிச் சொன்னது அடிலெய்டுக்குப் போன வேலைக்காரரில் ஒருவர். பழத்தைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும்போது கார் மணலில் இறங்கிவிட்டது. தோண்டிப் பார்க்கப் போய்க் கணுக்கால் சுளுக்கியது. காரை விட்டு நடக்காதே என்று வேலைத்தலத்தில் சொல்லியிருந்ததால் நடக்கவில்லை. கையில் ஒரு பிளாஸ்கு தேத்தண்ணி. அது முடிந்தபின் பழத்தைக் கடித்து வாயை நனைத்தாராம்.

"பத்துப் பன்னிரண்டுதான் திண்டனான். மிச்சம் உமக்கு" என்றார், குற்றம் செய்தவர் மாதிரி.

பவளம் கடகத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். பல் கூசி, கண் சுருங்கி, உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பாடா, இதுதான். இதுக்குத்தான் வாய் மூன்று மாதமாகத் தவித்தது. இன்னொன்று எடுத்தாள். சார்ஜன்றின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தபோது, அவள் மணலில் இருந்து ஐந்தாவது பழத்தின் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு வீடு திரும்பியதும், டொறீன் விக்னராஜாவைச் சார்ஜன்றோடு ஆசுப்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பவளத்தைக் குசினிக்குள் இழுத்தாள். ஈரத் துணியை அவள் கையில் கொடுத்தாள். "துடை" என்றாள். பவளம் சுழியை விட்டுவிட்டு அந்த வரியைத் துடைத்தாள். டொறீன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் முகம் முழுக்கச் சந்தோஷம்.

இரண்டு கிழமை கழித்து விக்னராஜா வேலைக்குப் புறப்பட்டார். சப்பாத்து மாட்டி, சாப்பாட்டுப் பெட்டி எடுத்து, வாசலில் வந்து நின்றார். நின்றாரே தவிர படி இறங்கவில்லை. பவளம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்து நாலு வருடம் வாய்க்கு வராத சொல். தாய் காதுக்குள் வந்து நின்று வேண்டாம் வேண்டாம் என்கிற மாதிரி இருந்தது. "தூ..." என்று தொடங்கி நிறுத்தினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "எங்கை போறியள்?" என்றாள்.

"எல்லைக்கு. பதினேழாம் மைல் கலுங்கு வேலை. நாலரைக்கு வருவன்."

ஓடிப் போய் எழுதினாள். நாலு மணிக்கே அவர் வந்துவிட்டார். அவள் மூன்றரையிலிருந்து கேற்றடியில் நின்றிருந்தாள்.

அடுத்த சித்திரையில் கிரிஜா பிறந்தாள். எழுபத்தேழில் சிட்னிக்குத் திரும்பி வந்து வென்ட்வேர்த்வில்லில் வீடு எடுத்தார்கள். சிலேட்டும் கூட வந்தது.

இரஞ்சிதம் மெல்பேர்ணுக்குப் போன அந்தச் சனிக்கிழமை பின்னேரம், சிலேட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. இரஞ்சிதம் ஆட்கள், ஹியூம் ஹைவே, ஆறு மணி. ஆறு அடித்தது. ஆறரையும் போனது. பவளம் அடுப்புக்கும் ரெலிபோனுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். "அந்தப் பிள்ளை உம்மிலை கோவத்திலை எடுக்காமல் விட்டிருக்கும்" என்றார் விக்னராஜா. சொன்னாரே தவிர அவரும் பேப்பரில் ஒரு பக்கமும் திருப்பவில்லை.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க மணி அடித்தது.

"அக்கா, நான் இரஞ்சிதம்." எங்கேயோ தூரத்திலிருந்து பேசுகிற மாதிரிக் குரல். "இப்பதான் வந்தனாங்கள். குண்டகாய்க்கு இஞ்சாலை ரயர் காத்துப் போட்டுது. ஒரு குருவி இல்லை அக்கா அந்த இடத்திலை. மாற்றுச் சில்லிலையும் காத்தில்லை. நான் அழத் தொடங்கிட்டன். இவர் சொல்லுறார், பயப்பிடாதை, நாங்கள் எந்த ரோட்டிலை நிக்கிறம் எண்டு பவளக்காவுக்குத் தெரியும், ஆறு மணி தாண்டினால் அவ சும்மா இரா எண்டு. பிறகு ஒரு லொறிக்காரன் வந்து உதவினவன். அக்கா, காலமை நான் அப்பிடிப் போனது..."

"அதை விடும் பிள்ளை. போய்ச் சேந்திட்டியள்தானே? அது போதும். பொம்பிளை நல்ல பிள்ளையோ?"

"இன்னும் பாக்கேல்லை. நாளைக்கு." பிறகு இரஞ்சிதம் தானாகவே சொன்னாள்: "திங்கட்கிழமை காலமை ஏழு மணிக்கு வெளிக்கிடுறம் அக்கா. அதே ரோட்டு. இரவு ஏழரைக்கு வந்திடுவம். எழுதி வையுங்கோ."

பவளம் ரெலிபோனை வைத்துவிட்டு வந்தாள். கிரிஜா ஏற்கெனவே கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, ஈரத் துணியோடு சிலேட்டுக்கு முன் நின்றாள். மூன்று வயதுக்கு அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எதைத் துடைக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று தெரியும்.

"வந்திட்டினமோ அம்மா?"

"ஓம் குஞ்சு, வந்திட்டினம். துடை."

பவளத்துக்கு ஒவ்வொரு தடவையும் போல அன்றைக்கும் டொறீனின் அந்தக் கண்ணாடி போட்ட சிலேட்டு ஞாபகம் வந்தது. கிரிஜா சுழிக்குக் கீழே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அழுத்தித் துடைத்தாள். தண்ணீர் ஒழுகிச் சுவரெல்லாம் ஈரமானது. பவளம் சிலேட்டுக் காயும்வரை நின்று, திங்கட்கிழமைக்கு எழுதினாள்.